நிஞ்சா திரைப்படங்களும் பார்வையாளர் கருத்துகளும்: 'மெய்ம்மை' என்னும் அளவுகோலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நிஞ்சா அதிரடிப் படங்களைப் பற்றிப் பார்வையாளர் கூறும் கருத்துகளில் 'உண்மையாக இருக்கிறது', 'உண்மையாக இல்லை' என்னும் தீர்ப்புகள் மிகுதியும் இடம்பெறுகின்றன. 'உண்மை' என்னும் அச்சொல் காலந்தோறும் ஒரே பொருளைக் குறித்ததா என்பதே இக்கட்டுரையின் வினா. 1921 முதல் 2013 வரை ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் இவ்வகைப் படங்கள் பெற்ற வரவேற்பை ஒப்பிட்டு, மெய்ம்மை என்னும் அளவுகோல் வரலாற்றிலிருந்து உடலுக்கு இடம்பெயர்ந்ததை இக்கட்டுரை விளக்குகிறது. 2009இல் வெளிவந்த 'நிஞ்சா அசாசின்' படத்தின்மீது எழுந்த கருத்துகள் சிறப்பாக ஆராயப்படுகின்றன. பார்வையாளர் கருத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும்போது மேற்கொள்ளவேண்டிய கவனமும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிஞ்சா, ஷினோபி, பார்வையாளர் ஏற்பு, திரைப்பட வரலாறு, தணிக்கை, மெய்ம்மை

முன்னுரை

திரைப்பட வரலாறு நெடுங்காலம் இயக்குநர், நடிகர், நிறுவனம் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. படத்தைக் கண்டவர் என்ன எண்ணினர் என்பது பெரும்பாலும் வசூல் தொகையாலும் விமர்சகர் எழுத்தாலும் ஊகிக்கப்பட்டது. சண்டைப் படங்களைப் பொறுத்தவரை இந்த ஊகம் மேலும் மெலிந்தது. 'அடிதடியைக் காண வருபவர்' என்ற ஒற்றை அடையாளத்துள் அப்பார்வையாளர் அடைக்கப்பட்டனர். அவர்களுக்கும் ஒரு மதிப்பீட்டுமுறை உண்டு, அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பது கருதப்படவில்லை.

நிஞ்சா படங்கள் இதனை ஆராய ஏற்ற களமாகும். ஒரே உருவம் ஜப்பானிய மௌனப் படத்திலும், இடதுசாரி வரலாற்றுப் படத்திலும், அமெரிக்கக் குறைந்த செலவுப் படத்திலும், பெருநிறுவனப் படத்திலும் தோன்றியுள்ளது. உருவம் ஒன்றாயினும் அதனிடம் பார்வையாளர் எதிர்பார்த்தது வேறுவேறு. அந்த வேறுபாடே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

ஆவணங்களில் ஷினோபி

இன்று 'நிஞ்சா' என வழங்குவோர் ஜப்பானிய வரலாற்று ஆவணங்களில் பெரும்பாலும் 'ஷினோபி' என்றே குறிக்கப்படுகின்றனர். 'நிஞ்சா' என்னும் உச்சரிப்பு இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலாயிற்று. உளவறிதல், எதிரியின் கோட்டைக்குள் புகுதல், தீவைத்தல், செய்தி கொணர்தல் முதலியன இவர்தம் பணிகள். இகா, கோகா ஆகிய பகுதிகள் இக்கலைக்குப் பெயர்பெற்றவை. 1581இல் ஓடா நொபுனாகாவின் படை இகாவை அழித்தது.

இக்கலையைத் தொகுத்துக் கூறும் 'பன்சென்ஷூகாய்' 1676இல் உருவானது. போர்க்காலம் முடிந்து அமைதி நிலவிய காலத்தில் எழுந்த நூல் இது. கண்டறியப்படாமல் செயற்படுவதே ஷினோபியின் தலையாய பண்பாக இத்தகைய கையேடுகளில் அமைகிறது. வணிகராகவும் துறவியராகவும் வேடமிடுதல் அதற்குரிய வழிகளுள் ஒன்று. இன்று நாம் காணும் கருப்பு உடை, ஓவியமும் நாடக மேடையும் வளர்த்தெடுத்த அடையாளம் என்பர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொகுசாய் வரைந்த சித்திரங்களிலேயே கருப்பு உடையணிந்து கயிற்றில் ஏறும் உருவத்தைக் காணலாம்.

இங்கு ஒரு முரண் வெளிப்படுகிறது. காணப்படாமையே ஷினோபியின் வெற்றி. காட்டப்படுவதே திரைப்படத்தின் இயல்பு. எனவே நிஞ்சா படம் எதுவும் ஆவணம் கூறும் ஷினோபியை அவ்வாறே காட்டுதல் அரிது. பார்வையாளர் 'உண்மையான நிஞ்சா' என்று பாராட்டும்போது அவர்கள் எதனோடு ஒப்பிடுகின்றனர் என்ற வினா இதிலிருந்தே எழுகிறது.

வியப்பிலிருந்து வரலாற்றுக்கு

1921இல் மகினோ ஷோசோ இயக்கிய 'கோகெட்சு ஜிராயா' என்னும் மௌனப் படத்தில் ஒனோவே மட்சுனொசுகே நாயகராக நடித்தார். நாயகன் மாயத்தால் பெருந்தேரையாக மாறுவதும், திடீரென மறைவதும் ஒளிப்பதிவைப் பாதியில் நிறுத்தித் தொடரும் தந்திரத்தால் காட்டப்பட்டன. தொல்காப்பியர் மருட்கைக்குரிய நிலைக்களன்களாகக் கூறும் நான்கனுள் ஆக்கமும் ஒன்று. ஒன்று பிறிதொன்றாகத் திரிதலை அதற்குப் பொருளாகக் கொள்வர். ஜிராயா படம் தந்த சுவையைக் குறிக்க இச்சொல் மிகவும் பொருந்தும். அங்கு 'இது மெய்யா' என்ற வினாவுக்கு இடமில்லை. மெய்யன்று என்று அறிந்தே பார்வையாளர் மகிழ்ந்தனர்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியது. டயே நிறுவனம் 1962 டிசம்பரில் 'ஷினோபி நோ மோனோ' படத்தை வெளியிட்டது. ஜப்பானியப் பொதுவுடைமைக் கட்சியின் 'அகஹாதா' நாளிதழின் ஞாயிறு பதிப்பில் முராயமா தோமோயோஷி எழுதிய தொடர்கதையே இதன் மூலம். இயக்குநர் யமமோட்டோ சட்சுவோவும் இடதுசாரிச் சிந்தனையாளர். இச்சிகாவா ரைசோ, இஷிகாவா கோஎமோன் என்னும் இளம் ஷினோபியாக நடித்தார்.

கதையின் மையம் ஓர் அரசியல் வெளிப்பாடு. இகாவில் எதிரெதிராக நிற்கும் இரு குழுக்களின் தலைவர்களும் உண்மையில் ஒருவரே. மொமோச்சி சந்தாயு இரு வேடம் பூண்டு இரு தரப்பாரையும் போட்டியிடச் செய்து தம் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறார். கீழ்நிலை ஷினோபிகள் யாருக்காகச் சாகிறோம் என்று அறியாமலே சாகின்றனர். பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிராக 1960இல் ஜப்பான் முழுவதும் எழுந்த பெரும் போராட்டத்தின் நினைவு நீங்காத காலத்தில் இப்படம் வெளிவந்தது. அதே காலத்தில் ஷிராட்டோ சன்பேயின் 'நிஞ்சா புகெய்ச்சோ' என்னும் படக்கதையும் (1959–1962) மாணவரிடையே பெரிதும் வாசிக்கப்பட்டது.

இப்படத்தில் மாயம் இல்லை. கருவிகளும் வழிமுறைகளும் உண்டு. கூரையிலிருந்து நூலொன்றை இறக்கி, அதன்வழியே நஞ்சைத் துளித்துளியாக உறங்குபவரின் வாயில் விழச்செய்யும் காட்சி புகழ்பெற்றது. செய்யக்கூடியதைச் செய்துகாட்டும் முறையே அதன் ஈர்ப்பு. 1966க்குள் இவ்வரிசையில் எட்டுப் படங்கள் வெளிவந்தமை அந்த ஈர்ப்பின் அளவை உணர்த்தும். இங்கு மெய்ம்மை என்பது வரலாற்றுக்கும் சமூகத்துக்கும் பொருந்துதலைக் குறித்தது.

1980கள்: உடல் என்னும் சான்று

1967இல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'யூ ஒன்லி லிவ் டுவைஸ்', நிஞ்சாவை மேலை நாடுகளின் பெருந்திரள் பார்வையாளரிடம் கொண்டுசேர்த்தது. ஹிமேஜி கோட்டையில் நிஞ்சா பயிற்சிக் காட்சிகள் படமாக்கப்பட்டன. நூல்வழி நஞ்சிறக்கும் காட்சியும் அப்படத்தில் இடம்பெற்றது. காட்சி கடல் கடந்தது. அதனைத் தாங்கியிருந்த அரசியல் கடக்கவில்லை.

1981இல் கேனன் நிறுவனத்தின் 'என்டர் தி நிஞ்சா' வெளிவந்தது. இயக்குநர் மெனாஹெம் கோலன். படப்பிடிப்பு பிலிப்பைன்சில் நடைபெற்றது. நாயகன் இத்தாலிய நடிகர் ஃபிராங்கோ நீரோ. அவருக்கு வெண்ணிற உடை. எதிர்நாயகன் ஜப்பானில் பிறந்த தற்காப்புக் கலைஞர் ஷோ கொசுகி. அவருக்குக் கருநிற உடை. கலையைக் கற்ற வெள்ளையர் நாயகனாகவும், கலைக்குரிய மரபைச் சேர்ந்தவர் பகைவனாகவும் அமைந்த இந்த ஏற்பாடு தனித்து ஆராயத்தக்கது.

நீரோவின் சண்டைக் காட்சிகளில் அவருக்கு மாற்றாகத் தற்காப்புக் கலைஞர் மைக் ஸ்டோன் பங்கேற்றார். கொசுகியோ தாமே சண்டையிட்டார். அடுத்து வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி நிஞ்சா' (1983) படத்தில் கொசுகியே நாயகரானார். பகைவனாக அறிமுகமானவர் நாயகனாக உயர்ந்தமை, திரையில் எது நிலைத்தது என்பதைக் காட்டும் குறிப்பாகும். கதை நம்பத்தக்கதாக இல்லாதபோதும் பயிற்சி பெற்ற உடலை நம்பலாம் என்ற உடன்பாடு இவ்வகைப் படங்களுக்கும் அவற்றின் பார்வையாளருக்கும் இடையே உருவாயிற்று.

பெருமிதத்துக்குரிய நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் கல்வியும் தறுகணும் இடம்பெறும். பயின்ற திறமும் அஞ்சாமையும் ஓருடலில் கூடும்போது தோன்றும் சுவையையே 1980களின் பார்வையாளர் நாடினர் எனலாம். ஜிராயா படத்தின் மருட்கையிலிருந்து கொசுகியின் பெருமிதத்துக்கு வந்த இந்நகர்வு, மெய்ம்மை பற்றிய எதிர்பார்ப்பு மாறியதன் விளைவாகும்.

ஆயினும் இந்த உயர்வு நிலைக்கவில்லை. 1985இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'அமெரிக்கன் நிஞ்சா'வின் நாயகன் மைக்கேல் டூடிகாஃப். 1993 வரை அப்பெயரில் நான்கு தொடர்ச்சிகள் வந்தன. இவ்வரிசையின் வசூலைப் பார்வையாளர் விருப்பத்தின் சான்றாகக் கொள்பவர், அப்பார்வையாளருக்கு வேறு தெரிவு எவ்வளவு வழங்கப்பட்டது என்பதையும் கேட்கவேண்டும். ஹாங்காங்கில் காட்ஃப்ரி ஹோ போன்றோர் வேறு படங்களின் காட்சிகளோடு புதிதாக எடுத்த சில நிஞ்சா காட்சிகளை ஒட்டிப் பல படங்களை உருவாக்கினர். 'நிஞ்சா' என்ற பெயர் மட்டுமே ஒளிநாடாவை விற்கப் போதுமானதாக இருந்த காலம் அது.

பார்வையாளருக்காகப் பேசிய தணிக்கை

பிரிட்டனில் பார்வையாளரைப் பற்றிய வேறொரு கருத்து செயற்பட்டது. அங்குத் திரைப்பட வகைப்பாட்டு வாரியம் ஜேம்ஸ் ஃபெர்மன் தலைமையில் (1975–1999) நுன்சாகு என்னும் இணைக்கோல் கருவி தோன்றும் காட்சிகளைத் தொடர்ந்து வெட்டியது. இளைஞர் அதனைப் பார்த்துத் தாமும் செய்வர் என்ற அச்சமே இதன் அடிப்படை. 1984ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டம் வீட்டுக்குச் செல்லும் நாடாக்களையும் வாரியத்தின் அதிகாரத்துள் கொணர்ந்தது. 1988இல் எறிநட்சத்திரம் தடைசெய்யப்பட்ட ஆயுதப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இந்த அச்சம் சென்ற எல்லைக்குச் சிறுவர் படங்களே சான்று. 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்ட்டில்ஸ்' கேலிச்சித்திரத் தொடர் பிரிட்டனில் ஒளிபரப்பானபோது 'நிஞ்சா' என்ற சொல் நீக்கப்பட்டு 'ஹீரோ' என்று மாற்றப்பட்டது. 1991இல் வெளிவந்த இரண்டாம் திரைப்படத்தில் ஆமை வீரர்களுள் ஒருவர் இறைச்சிக் குழல் கோவையை நுன்சாகு போலச் சுழற்றும் நகைச்சுவைக் காட்சியும் வெட்டப்பட்டது. ஃபெர்மன் பதவி விலகிய 1999க்குப் பின்னரே இக்கொள்கை தளர்ந்தது.

வாரியத்தின் முடிவுகள் பார்வையாளர் கருத்தைப் பதிவுசெய்யவில்லை. பார்வையாளரைப் பற்றிய அதிகாரத்தின் கருத்தையே பதிவுசெய்தன. எனினும் ஒரு செய்தியை அவை தெளிவாக்குகின்றன. வாரியமும் உடலையே மெய் என நம்பியது. இக்கதை பொய் என்பதில் அதற்கு ஐயமில்லை. இவ்வசைவு கற்கத்தக்கது என்பதே அதன் கவலை. ரசிகர் பாராட்டியதையும் தணிக்கையாளர் அஞ்சியதையும் ஒன்றாக்கியது பயிற்சி பெற்ற உடலே.

'நிஞ்சா அசாசின்': எழுந்த கருத்துகள்

2009 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த 'நிஞ்சா அசாசின்' படத்தை ஜேம்ஸ் மெக்டீக் இயக்கினார். 'மேட்ரிக்ஸ்' படங்களை உருவாக்கிய வச்சாவ்ஸ்கி இணையர் தயாரிப்பாளருள் அடங்குவர். நாயகன் ரைசோவாகத் தென்கொரியப் பாடகர் ரெய்ன் நடித்தார். ஆதரவற்ற குழந்தைகளைக் கொலையாளிகளாக வளர்க்கும் ஒசுனு குழுவிலிருந்து விலகித் தன் ஆசானையே எதிர்க்கும் ஒருவனின் கதை இது. ஆசான் ஒசுனுவாக நடித்தவர் ஷோ கொசுகி. நாயகனின் பெயர் 1962ஆம் ஆண்டுப் படத்தின் நடிகர் இச்சிகாவா ரைசோவை நினைவூட்டுகிறது.

ஏறத்தாழ 4 கோடி டாலர் செலவில் உருவான இப்படம் உலகளவில் சுமார் 6 கோடி டாலர் ஈட்டியது. விமர்சகருள் பெரும்பாலோர் கதையின் மெலிவைச் சுட்டிக் குறைகூறினர். பார்வையாளர் கருத்து பிளவுபட்டது. அவற்றில் திரும்பத் திரும்ப வருவனவற்றை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, பாராட்டு. கதை எளியது என்பதை ஒப்புக்கொண்டே, நிஞ்சா படத்திடம் எதிர்பார்த்தது கிடைத்தது என்று கூறுவோர் இவ்வகையினர். ரெய்ன் இப்படத்துக்காக மேற்கொண்ட கடும் உடற்பயிற்சியும், கொசுகி மீண்டும் திரைக்கு வந்தமையும் இவர்களால் சிறப்பிக்கப்படுகின்றன. ரசிகர் வாக்களிப்பில் 2010ஆம் ஆண்டு எம்டிவி திரைப்பட விருது ரெய்னுக்குக் கிடைத்ததும் இவ்வரவேற்பைச் சார்ந்தது.

இரண்டாவது, குருதி பற்றிய குறை. கணினியில் உருவாக்கப்பட்ட குருதி இயற்கையாக இல்லை என்பது பரவலான முறையீடு. வன்முறை மிகுதி என்ற புகாரினின்று இது வேறுபட்டது. குருதி மிகுந்திருப்பதை ஏற்றுக்கொண்டவரே அதன் பொருண்மை குன்றியிருப்பதைக் குறை கூறினர்.

மூன்றாவது, இருள் பற்றிய குறை. சண்டைகள் இருளில் நிகழ்கின்றன, காட்சி விரைந்து வெட்டப்படுகிறது, யார் யாரைத் தாக்குகிறார் என்று தெரியவில்லை என்பன இவ்வகைக் கருத்துகள். நிழலில் மறைந்து தாக்குபவன் நிஞ்சா என்ற மரபை இப்படம் ஏனைய படங்களைவிட நெருக்கமாகப் பின்பற்றியது. அதனையே பார்வையாளர் குறையாகக் கண்டனர். முன்னர்க் கூறிய முரண், அதாவது காணப்படாமைக்கும் காட்டப்படுதலுக்கும் இடையிலானது, இங்குப் பார்வையாளர் கூற்றாகவே வெளிப்படுகிறது.

இக்குறைகள் இரண்டும் ஒரே வேரிலிருந்து எழுபவை. பயின்ற உடலின் அசைவே இவ்வகைப் படத்தின் மெய் என்ற உடன்பாட்டைக் கணினிக் குருதியும் இருளும் மீறுகின்றன. 'இது உண்மையான நிஞ்சா படம் அன்று' என்று 2009இல் ஒருவர் கூறியபோது அவர் ஒப்பிட்டது 1676ஆம் ஆண்டுக் கையேட்டோடு அன்று. 1983ஆம் ஆண்டு ஒளிநாடாவோடு.

அதே 2009இல் ஐசக் ஃப்ளோரன்டைன் இயக்கிய 'நிஞ்சா' படமும் வெளிவந்தது. நாயகன் ஆங்கிலேயத் தற்காப்புக் கலைஞர் ஸ்காட் அட்கின்ஸ். 2013இல் வந்த அதன் தொடர்ச்சியைச் சண்டைப்பட ரசிகர் முதற்படத்தைவிட உயர்வாக மதித்தனர். அசைவுகள் முழுமையாகவும் தெளிவாகவும் தெரியும்படி காட்சிகள் அமைந்தமையே அவர்கள் கூறும் காரணம். 'நிஞ்சா அசாசின்' படத்தின் சண்டை அமைப்பில் பங்கேற்ற சாட் ஸ்டாஹெல்ஸ்கி, டேவிட் லீட்ச் ஆகியோர் பின்னர் உருவாக்கிய 'ஜான் விக்' (2014) இதே தெளிவுக்காகப் பாராட்டப்பட்டது. உடலின் மெய்ம்மை என்னும் அளவுகோல் நிஞ்சா உருவத்தைக் கடந்தும் நிலைபெற்றுவிட்டது.

சொல்லப்படாதவை

பார்வையாளர் கூறியவற்றைப் போலவே கூறாதவையும் வரலாற்றாசிரியர் கருத்துக்குரியவை. 'நிஞ்சா அசாசின்' படத்தின் கதைக்கரு 1962ஆம் ஆண்டுப் படத்தின் கருவோடு நெருங்கிய ஒப்புமை உடையது. தன்னை வளர்த்துப் பயன்படுத்திய தலைவனை ஒருவன் அறிந்து எதிர்த்தலே இரண்டிலும் மையம். முன்னது ஓர் அரசியல் கேள்வியாக எழுப்பப்பட்டது. பின்னதைப் பற்றிய கருத்துகளில், அநாதைக் குழந்தைகளைக் கருவியாக்கும் அக்கொடுமை பெரும்பாலும் 'வழக்கமான பழிவாங்கும் கதை' என்ற தொடரில் அடங்கிவிடுகிறது. மெய்ம்மை உடலுக்கு இடம்பெயர்ந்தபோது ஏற்பட்ட இழப்பு இது.

அவ்வாறே, ஆசிய நடிகர் ஒருவர் அமெரிக்கப் பெருநிறுவனப் படத்தின் தனி நாயகனாக நடித்தமை அக்காலத்தில் அரிய நிகழ்வு. அவரும் ஜப்பானியராக நடிக்கும் கொரியர். அவரது ஆங்கில உச்சரிப்பும் உணர்ச்சி வெளிப்பாடும் கருத்துகளில் கூர்ந்து எடைபோடப்பட்டன. வேற்றொருவர் குரலில் ஒலித்த நீரோவின் நடிப்பு இன்று ரசிகரால் அன்புடன் நகையாடப்படுகிறது. இவ்விரு அளவுகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது தேவையாகும்.

கருத்துகளைச் சான்றாகக் கொள்வோர் மூன்றனை நினைவிற்கொள்ளல் வேண்டும். ஒன்று, கருத்துரைப்பவர் பார்த்தவருள் ஒரு பகுதியினரே; பெரிதும் விரும்பியவரும் பெரிதும் வெறுத்தவரும் முந்திப் பேசுவர். இரண்டு, பழைய படம் பற்றிய இன்றைய கருத்து பழைய காலத்தின் கருத்தாகாது; 1981ஆம் ஆண்டுப் படத்தை இன்று மெச்சுபவர் தம் இளமைக்காலத்தையும் சேர்த்தே மெச்சலாம். மூன்று, 'உண்மை', 'நல்ல சண்டை' போன்ற சொற்களை எண்ணிக்கையிடுவதற்கு முன் அவை குறிக்கும் பொருளைக் காலவாரியாக வரையறுத்தல் வேண்டும்.

முடிவுரை

1921இல் நிஞ்சா படத்தின் சுவை மெய்யல்லாததை அறிந்தே நுகரும் வியப்பாக இருந்தது. 1962இல் அது வரலாற்றையும் அதிகாரத்தையும் விளக்கும் மெய்ம்மையாயிற்று. 1980களில் பயிற்சி பெற்ற உடலே மெய்ம்மையின் இருப்பிடமானது. பிரிட்டனின் தணிக்கையும் அதே நம்பிக்கையையே அச்சவடிவில் வெளிப்படுத்தியது. 2009இல் எழுந்த குறைகள் அவ்வுடல் கணினியாலும் இருளாலும் மறைக்கப்பட்டதை எதிர்த்தவை. எனவே, சண்டைப்படப் பார்வையாளர் மேலோட்டமாகத் தீர்ப்புக் கூறுகின்றனர் என்னும் கருத்து பொருந்தாது. அவர்கள் மூன்று தலைமுறைப் படங்கள் வழியே உருவான மதிப்பீட்டுமுறை ஒன்றைக் கையாளுகின்றனர்.

அம்மதிப்பீட்டுமுறை எதனைக் காணக் கற்பித்தது என்பதோடு, எதனைக் காணாமலிருக்கப் பழக்கியது என்பதையும் ஆராய்தல் வேண்டும். இகாவின் கீழ்நிலை ஷினோபி யாருக்காகச் செத்தான் என்ற 1962ஆம் ஆண்டின் கேள்வி, பிற்காலக் கருத்துகளில் மறைந்த வழியைத் தொடர்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.